வலது கால் புல்லட்டின் கியர் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1986ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தால் போகிறவர்களில் ஒருவராவது நின்று, "எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு சார், கியர்தான் விழ மாட்டேங்குது" என்பார். அப்பா ஓட்டிய வண்டி, மாமா விட்டுப்போன வண்டி, பழைய வண்டிச் சந்தையில் ஆசைப்பட்டு எடுத்த வண்டி என்று கதை மாறும், சந்தேகம் மாறாது. அந்தச் சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

திருவொற்றியூர் ஆலையில் பல ஆண்டுகள் தயாரான, வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சினும் வலது கால் கியரும் கொண்ட நாலு கியர் வண்டிக்கு மட்டுமே இது பொருந்தும். அதன் கியர் பெட்டி இங்கிலாந்தின் ஆல்பியன் நிறுவனத்து வடிவமைப்பு. பின்னால் வந்த ஐந்து கியர் பெட்டியும், எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் புது மாடல்களும் வேறு வகை.

1. "எல்லாம் தலைகீழா இருக்கே சார், முதல் கியர் எங்க இருக்கு?"

வலது கால் மிதியை மேலே தூக்கினால் முதல் கியர். அங்கிருந்து கீழே அழுத்தினால் முதலில் நியூட்ரல், அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு. மெக்கானிக்குகள் இதை 'ஒன் அப், த்ரீ டவுன்' என்பார்கள். பிரேக் இடது காலில் இருக்கிறது. இடது கால் கியரில் பழகியவர்கள் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிடுவார்கள். அதனால் முதல் ஒரு வாரம் நெரிசல் இல்லாத சாலையில் ஓட்டுங்கள். இதைத் தட்டிக் கழிக்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

2. "குதிகால் கிட்ட இன்னொரு குட்டி லீவர் இருக்கு, அது எதுக்கு?"

அதுதான் நியூட்ரல் லீவர். நாலிலோ மூன்றிலோ இரண்டிலோ ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சைப் பிடித்து, குதிகாலால் அதை ஒரே அழுத்து அழுத்தினால் வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரிலிருந்து மட்டும் இது வேலை செய்யாது. சிக்னலில் நின்ற பிறகு தேடாமல், நிற்பதற்கு ஐந்தாறு மீட்டர் முன்பே அழுத்திவிடுவது நல்ல பழக்கம்.

இதை அழுத்தினால் நியூட்ரலைத் தாண்டி முதல் கியருக்குப் போகிறது, அல்லது பாதியில் நின்று இரண்டிலேயே இருக்கிறது என்றால் பெட்டிக்குள் கோளாறு என்று எண்ண வேண்டாம். இந்த லீவர் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதை ஒரு சின்ன நிறுத்தி தீர்மானிக்கிறது. கியர் பெட்டிக் கவரின் முன்பக்கம் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். அதன் துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி நிறுத்தியைக் கொஞ்சம் திருப்பினால் லீவரின் ஓட்டம் கூடும், குறையும். ஐந்து நிமிட வேலை.

3. "ஃபர்ஸ்ட்லேர்ந்து செகண்டு போடும்போது காத்துல ஓடுது. கியர் பாக்ஸ் போச்சா?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பெரும்பாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்ற கியர்களுக்கு நடுவிலும் இந்தப் பெட்டியில் எதுவும் பிடிக்காத ஓர் இடைவெளி உண்டு. நகரும் பல்சக்கரம் ஒரு பக்கத்து டாக்கை (பல்சக்கரத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டுப்பல்) விட்டு விலகி, மறுபக்கத்து டாக்கைப் பிடிக்கும் வரை வண்டி எதிலும் இல்லை. அந்த வழியில் கால் தயங்கினால் எஞ்சின் வெறுமனே சீறும். 'ஃபால்ஸ் நியூட்ரல்', அதாவது பொய் நியூட்ரல் என்று சொல்வது இதைத்தான்.

பல்விகிதத்தைப் பார்த்தால் இன்னும் புரியும். முதல் கியர் சுமார் 2.78, இரண்டாவது 1.84, மூன்றாவது 1.36, நான்காவது நேர் ஒன்று. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது அதே வேகத்தில் எஞ்சினின் சுற்று மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். மற்ற மாற்றங்களில் கால் பங்கு இறங்கினால் போதும். கனமான ஃப்ளைவீல் உள்ள எஞ்சின் இறங்க நேரம் எடுக்கும். அதனால் ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்சைப் பிடித்து, ஒரு மூச்சு நிதானித்து மிதியுங்கள். மிதித்ததும் காலை எடுக்காதீர்கள். கிளட்சை முழுக்க விடும் வரை மிதியின் மேல் கால் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். சைக்கிள் மணியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டுக் காலை எடுப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். இப்படி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தும் காற்றில் ஓடினால் 6ஆம் கேள்விக்குப் போங்கள்.

4. "காலையில ஃபர்ஸ்ட் கியர் போட்டா 'கடக்'குனு சத்தம், வண்டி ஒரு குதி குதிக்குது."

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் லீவரைப் பிடித்தாலும் தட்டுகள் பிரியாது. எஞ்சினின் சுழற்சி அப்படியே கியருக்குப் போக, நின்றுகொண்டிருக்கும் பல்லின் மேல் சுற்றும் பல் மோதுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து முறை கிக்கரை மிதியுங்கள். தட்டுகள் பிரிவது காலுக்கே தெரியும், கிக்கர் சட்டென்று லேசாகும். பழைய புல்லட்காரர்கள் யோசிக்காமல் இதைச் செய்வார்கள்.

5. "வண்டி சூடானா சிக்னல்ல நியூட்ரலே விழாது, கியரும் கல்லு மாதிரி இருக்கு."

இது கிளட்ச் இழுப்பது. அதாவது லீவரை முழுக்கப் பிடித்தும் தட்டுகள் முழுக்கப் பிரியவில்லை. கியர் பெட்டியைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேருடைய உண்மையான கோளாறு இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். என் வண்டியிலேயே நடந்தது. ஒரு பட்டறையில் பெட்டியைப் பிரித்து இரண்டு பல்சக்கரங்களைப் புதிதாகப் போட்டார்கள். பணம் போனது, கோளாறு போகவில்லை. கடைசியில் பார்த்தால் கியர் பெட்டியின் முதன்மைத் தண்டான மெயின் ஷாஃப்டின் நடுத்துளையில் ஓடும் கிளட்ச் கம்பியின் நுனி ஆணித்தலைபோல் நசுங்கிக் குட்டையாகியிருந்தது. நல்ல நிலையில் இருந்த என் பழைய பல்சக்கரங்களை நான் திரும்பக் கேட்டு வாங்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் கேபிள். உள்கம்பியில் இழை அறுந்திருக்கிறதா, லீவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் தளர்ச்சி இருந்தால் கிளட்ச் முழுக்கப் பிரியாது. கேபிள் சரியாக இருந்தால் வலப்பக்கம் கியர் பெட்டிக் கவரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றுங்கள். கிளட்ச் கம்பியைத் தள்ளும் திருகும் அதன் பூட்டு நட்டும் உள்ளே இருக்கும். கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டு இங்கே கம்பிக்கு ஒரு மயிரிழை இடைவெளி வையுங்கள், பிறகு கேபிளைச் சரிசெய்யுங்கள். வரிசை மாறினால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

அதற்கும் மசியாவிட்டால் இடப்பக்கம் பிரைமரி செயின் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) மூடியை எடுங்கள். நடுவில் ஒரே ஒரு நட்டுதான் அதைப் பிடித்திருக்கிறது, கீழே தட்டு வைத்து எண்ணெயைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிளட்ச் லீவரைப் பிடிக்க, இன்னொருவர் கிக்கரை மெல்ல அமுக்க, நீங்கள் வெளித்தட்டைப் பாருங்கள். நேராக எழும்பிச் சுற்ற வேண்டும். கோணலாக எழும்பினால் ஸ்பிரிங்குகளின் இறுக்கம் ஒன்றுபோல் இல்லை. எந்த ஸ்பிரிங் களைத்திருக்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். இந்தப் பக்கத்தில் கெட்டியான எண்ணெய் ஊற்றியிருந்தாலும் தட்டுகள் ஒட்டும். பலர் இங்கே தானியங்கி கியருக்கான மெல்லிய எண்ணெயை ஊற்றுகிறார்கள். நானும் அதையே ஊற்றுகிறேன், கிளட்ச் நன்றாகப் பிரிகிறது.

6. "கியர் ஏத்தும்போது விழுது, இறக்கும்போது விழல. சில நாள் ரெண்டு தடவ மிதிக்கணும்."

ஒரு திசையில் மட்டும் தகராறு என்றால் பல்சக்கரங்களைச் சந்தேகிக்காதீர்கள். மிதியை நீங்கள் அழுத்தும்போது அது நேராக பல்சக்கரத்தைத் தள்ளுவதில்லை. ஒரு கொக்கி, ராட்செட் என்னும் படிப்படியாகத் திரும்பும் பல்வட்டின் பல்லைப் பிடித்து ஒரு படி தள்ளுகிறது. மிதி நடுவில் ஓய்ந்திருக்கும்போது அந்தக் கொக்கியும் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தத் திசையில் சீக்கிரம் பிடிக்கும், மறு திசையில் வழி போதாமல் பாதியில் விட்டுவிடும்.

இதைச் சரிசெய்ய வலப்பக்கத்தில் ஒரு தகடு இருக்கிறது. அதன் துளைகள் நீளவாக்கில் இருக்கும், இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். எஞ்சினை அணைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி இரண்டாவது அல்லது மூன்றாவது கியரைப் போடுங்கள். இப்போது மிதியைக் கையால் மெல்ல மேலே தூக்குங்கள். கொக்கி பல்லைத் தொட்டுத் தடை தெரியும் இடம் வரை எவ்வளவு தூரம் வந்தது என்று பாருங்கள். அதேபோல் கீழே அழுத்துங்கள். இரண்டு தூரமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தகடு இப்போது இருக்கும் இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டுவிட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி பாருங்கள். கீறல் இருந்தால் தவறானாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

இதில் பொறுமை வேண்டும். நாலைந்து முறை நகர்த்த வேண்டியிருக்கும். சரியான இடம் கிடைத்ததும் போல்ட்டுகளை இறுக்கி, இறுக்கும்போது தகடு நகர்ந்ததா என்று இன்னொரு முறை அளந்து பாருங்கள். பெட்டியைப் பிரிக்கச் சொன்ன எத்தனையோ வண்டிகள் இந்த ஒரு தகட்டோடு வீடு திரும்பியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

7. "கியர் பாக்ஸுக்கு கிரீஸா, ஆயிலா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

பழைய காலத்தில் கூழ்போன்ற மெல்லிய கிரீஸ் நிரப்பினார்கள். இந்தப் பெட்டி எண்ணெயை முழுக்கத் தடுத்து நிறுத்தும்படி செய்யப்பட்டதல்ல என்பது காரணம். ஆனால் சுற்றும் பற்கள் கிரீஸைச் சுவரோரம் ஒதுக்கித் தமக்கு ஒரு பாதை வெட்டிக்கொள்ளும். கிரீஸ் பெட்டிக்குள் இருந்தும் பல்லுக்கும், தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்கும் போய்ச் சேராது. வீல் பேரிங் கிரீஸை அடைத்த வண்டியும் பார்த்திருக்கிறேன், ஊட்டிக் குளிரில் மிதி நகரவே இல்லை.

நான் 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுகிறேன். டப்பாவில் ஜிஎல் 4 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஜிஎல் 5 வகையில் சேர்க்கும் கந்தகப் பொருள்கள் சில, உள்ளே இருக்கும் வெண்கல புஷ்களை அரிக்கக்கூடும். ஒழுக்கு அதிகமுள்ள வண்டிக்கு மெல்லிய கிரீஸையும் இந்த ஆயிலையும் கலந்து ஊற்றுவது நல்ல சமரசம்.

8. "ஆயில் ஊத்தினா மறுநாள் தரையில கெடக்கு."

கொஞ்சம் கசிவது இந்தப் பெட்டியின் இயல்பு. தினமும் கோலம் போடும் அளவுக்கு ஒழுகினால் ஸ்பிராக்கெட்டின் (பின்சக்கரச் செயினை ஓட்டும் பல்சக்கரம்) பின்னால் உள்ள சீலையும் கவர் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். வெளியே ஒழுகாமலே அளவு குறைந்தால்தான் அதிகக் கவனம் வேண்டும். கிளட்ச் கம்பி ஓடும் துளை வழியாக கியர் ஆயில் இடப்பக்கம் கிளட்சுக்குப் போயிருக்கலாம். பிரைமரி பக்கத்தில் அளவு கூடி, கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் அதுதான் காரணம். தட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும்.

9. "மிதிய அமுக்கினா அப்படியே கீழயே கெடக்கு, மேல வரல."

மிதியைத் திருப்பும் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. வலப்பக்க வெளிக்கவரைக் கழற்றினால் போதும், பல்சக்கரங்கள் இருக்கும் உள்பகுதியைத் தொட வேண்டியதில்லை. கவரை எடுக்கும்போது கிக்கர் ஸ்பிரிங்கில் இருக்கும் இறுக்கத்துக்கு எச்சரிக்கையாக இருங்கள், விரலைப் பதம் பார்க்கும். எது எப்படி இருந்தது என்று கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு 6இல் சொன்ன தகட்டை மறுபடி சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

10. "போட்ட கியர் தானா வெளிய வந்துடுது. மேட்டுல ஏறும்போது 'டப்'புனு விட்டுடுது."

3இல் சொன்னது கியர் முழுக்கப் போகாமல் நின்றது. இது முழுக்கப் போன கியர், பாரம் ஏறியதும் கழன்று வருவது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. கியர் போட்ட பிறகும் மிதியின் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டே மேட்டில் ஏறுங்கள். அப்படிப் பிடித்திருக்கும்போது நின்றுவிட்டால் அனேகமாக மிதியின் ஓட்டம் போதவில்லை, 6இல் சொன்ன தகடுதான். உங்கள் காலையே தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் பெட்டிக்குள்தான் கோளாறு.

உள்ளே மூன்று இடம் பார்க்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு கியரிலும் நிலைநிறுத்தும் ஸ்பிரிங் ஆணி. அதன் ஸ்பிரிங் களைத்துப்போனால் கியர் தன் இடத்தில் நிற்காது. மூன்றில் மலிவானதும் இதுதான், முதலில் இதைப் பாருங்கள். இரண்டாவது, பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க். அதன் இரு விரல்களும் தேய்ந்து மெலிந்தால் பல்சக்கரம் கடைசி ஓரிரு மில்லிமீட்டர் போகாது. மூன்றாவது டாக். அதன் ஓரங்கள் கூராக, சதுரமாக இருக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தால் உருண்டை தெரிந்தால் அது போய்விட்டது. பாரம் ஏற ஏற உருண்ட ஓரம் எதிர்ப்பல்லைத் தள்ளித் தள்ளி வெளியே அனுப்பும்.

நாலாவது கியர் மட்டும் விட்டுவிட்டால் இன்னொன்றையும் பாருங்கள். கியர் பெட்டி ஸ்பிராக்கெட்டின் நட்டு தளர்ந்திருக்கிறதா, ஸ்பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? ஆடினால் அதைத் தாங்கும் ஸ்லீவ் கியரும் அதன் பேரிங்கும்தான் கோளாறு.

11. "பாக்ஸ்லேர்ந்து ஊளையிடற சத்தம். எந்த இடம்னு பிரிக்காம கண்டுபிடிக்க முடியுமா?"

ஓரளவு முடியும். நாலாவது கியரில் சக்தி மெயின் ஷாஃப்டிலிருந்து நேராக ஸ்பிராக்கெட்டுக்குப் போகிறது, கீழே உள்ள துணைத்தண்டான லே ஷாஃப்டின் மேல் பாரம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்றில் பாரம் லே ஷாஃப்ட் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே முதல் மூன்றில் ஊளையிட்டு நாலில் அடங்கினால் லே ஷாஃப்டின் புஷ்களையும் பற்களையும் பாருங்கள்.

நியூட்ரலில் நிறுத்தி எஞ்சின் ஓடும்போது கிளட்சைப் பிடித்தால் சத்தம் நின்று, விட்டால் மறுபடி வந்தால் மெயின் ஷாஃப்ட் பக்கம். பிடிக்கும்போது சத்தம் புதிதாக வந்தால் கிளட்சும் அதன் கம்பியும். ஒருவேளை 5இல் உள்ளதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லையோ என்னவோ.

பெட்டியை எஞ்சினின் பின்பக்கத்தோடு பிடித்திருக்கும் நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். பல இங்கிலாந்து வண்டிகளில் பிரைமரி செயினை இறுக்க கியர் பெட்டியையே நகர்த்துவார்கள். புல்லட்டில் அப்படி இல்லை, பெட்டி நகரக் கூடாது, செயினின் தளர்ச்சியை அடியில் உள்ள வழுக்குத் தகடுதான் ஏற்கிறது. நட்டுகள் தளர்ந்தால் செயின் கோணி, சத்தமும் வரும், பேரிங்கும் போகும். செயினை விறைப்பாக இறுக்கியிருந்தாலும் அதே கதி. நடுவில் சுமார் ஆறு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும்.

12. "கிக்கர் வழுக்குது. அதுவும் கியர் பாக்ஸ் பிரச்சினையா?"

இருக்கலாம். கிக்கரின் விசை பெட்டிக்குள் போய், பல்சக்கரம் வழியாக மெயின் ஷாஃப்டுக்கும், அங்கிருந்து கிளட்ச் மூலம் எஞ்சினுக்கும் போகிறது. மெத்தென்று வெண்ணெயில் கால் வைத்ததுபோல் இறங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. கேபிள் விறைப்பாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'டக் டக்'கென்று பல் தாண்டும் சத்தத்தோடு இறங்கினால் கிக்கரின் கொக்கியும் அது பிடிக்கும் பற்களும் தேய்ந்திருக்கின்றன. தேய்ந்த கொக்கியோடு காலம் தள்ளாதீர்கள். முழு பலத்தோடு மிதிக்கும்போது நழுவினால் முழங்கால் போய்விடும்.

13. "டாக் தேஞ்சிருக்கு, வெல்டிங் வெச்சு லேத்துல கடைஞ்சு தரேன்னு சொல்றாங்க. பண்ணலாமா?"

வேண்டாம். இந்தப் பற்களின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டது. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும். மறுபடி முறையாகக் கடினப்படுத்தாமல் போட்டால் சில மாதங்களில் மழுங்கி, அந்தத் துகள்கள் மற்ற பற்களையும் கெடுக்கும். உருண்ட ஓரத்தைக் கடைந்து சற்று உள்சரிவாக்கித் தரும் நல்ல லேத்காரர்கள் இருக்கிறார்கள். தேய்மானம் லேசாக இருந்தால் அது பலன் தரும்.

மாற்றுவதென்றால் ஒன்றையொன்று பிடிக்கும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுங்கள். புதிய டாக்கை உருண்ட டாக்கோடு ஓடவிட்டால் புதியதும் உருண்டுவிடும். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிய பாகம் தேடலாம், புதுப்பேட்டையில் பழையது. தேயாத பழைய பல்சக்கரம் கிடைத்தால், பெயர் தெரியாத புதிய போலிக்கு முன்னால் நான் அதையே எடுப்பேன். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

14. "பிரிச்சு மாட்டினதுக்கு அப்புறம் முன்னவிட மோசமா இருக்கு."

பதற வேண்டாம், புதிய பாகங்கள் கெட்டவை என்றும் உடனே முடிவு கட்ட வேண்டாம். 6இல் சொன்ன தகட்டைச் சரிசெய்யாமல் மூடியிருப்பார்கள், அதில் தொடங்குங்கள். அடுத்து ஷாஃப்டுகளின் பக்கவாட்டு ஆட்டம். கழற்றும்போது ஒட்டிக்கொண்டு வந்த மெல்லிய வாஷர் ஒன்று துணியோடு குப்பைக்குப் போயிருந்தால் ஷாஃப்ட் பக்கவாட்டில் நகர்ந்து, டாக்குகள் பாதிதான் பிடிக்கும். கவரை இறுக்கியதும் ஷாஃப்ட் இறுகிப்போனால் கேஸ்கெட் மிக மெல்லியதாக இருக்கலாம்.

அடுத்த முறை கவரை மூடும் முன், உள்ளே எல்லாம் மாட்டிய நிலையில் ஸ்பிராக்கெட்டைக் கையால் சுற்றிக்கொண்டே நான்கு கியரையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கையில் விழாத கியர் காலில் விழாது.

15. "பேசாம இடது காலுக்கு மாத்திடலாமா?"

குறுக்கே ஒரு கம்பி ஓட்டி மாற்றித் தருகிறார்கள். ஆனால் மிதிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு மூன்று மூட்டுகள் கூடுகின்றன. ஒவ்வொரு மூட்டின் ஆட்டமும் சேர்ந்து மிதியின் ஓட்டத்தைத் தின்றுவிடும். ஏற்கெனவே ஓட்டம் போதாத பெட்டியில் இது 6இல் சொன்ன தொல்லையை இரட்டிப்பாக்கும். பிரேக்கையும் வலப்பக்கம் கொண்டுவர வேண்டும், அதில் அரைகுறை வேலை ஆபத்து. வலது காலில் காயமோ பலவீனமோ இருந்தால் தாராளமாக மாற்றுங்கள், நல்ல கைகளில் கொடுத்து மாற்றுங்கள். கியர் விழவில்லை என்பதற்காக மட்டும் என்றால் முதலில் அந்தத் தகட்டின் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்திப் பாருங்கள்.